வடிவம்மாள் கொடுத்த ஆறு இடங்கள்

1. இதன் இறுதியில் கையொப்பமிடும் நான், சு. காந்திமதிநாதன், வயது ஐம்பத்தெட்டு, தென்காசியில் முப்பத்துமூன்று ஆண்டுகள் வழக்கறிஞராகவும், அவற்றுள் பதினான்கு ஆண்டுகள் நோட்டரியாகவும் தொழில் செய்தவன்.

2. பின்வரும் பதினொரு கடிதங்கள் எனக்கும், புனே நகரில் வசிக்கும் என் உடன்பிறந்த தங்கை சத்யபிரியாவுக்கும் இடையே நடந்தவை. அனுப்பும் கடிதத்துக்கு நகல் எடுத்து வைப்பது என் வழக்கமாதலால் இரு தரப்பும் முழுமையாக உள்ளன.

3. அவற்றில் ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை. எனக்குப் பாதகமானவற்றையும் நீக்கவில்லை.

*

புனே
03.06.2025

அன்புள்ள அண்ணனுக்கு, சத்யா எழுதுவது. நான் நலம். உங்கள் சர்க்கரை, மதினியின் முழங்கால், இரண்டும் எப்படி இருக்கின்றன? மதினி அனுப்பிய கூழ்வத்தல் உடையாமல் வந்து சேர்ந்தது.

போனில் கேட்டால் "எழுதி அனுப்பு, பாத்துச் சொல்லுதேன்" என்பீர்கள். ஆகவே எழுதியே விட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு மேசையில் நாங்கள் நால்வர் ஆடும் கதையாட்டம் உங்களுக்குத் தெரியும். நான் ஓர் உலகத்தை உண்டாக்கிக் கதையை நடத்துகிறேன். சஃப்ரின், விஜய்பாண்டி, ரூபி மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி, ஆபத்தில் மாட்டித் தப்பிக்கிறார்கள். உலகத்தின் பெயர் ஈரமலை. நம் தென்காசியையும் குற்றாலத்தையும் மனத்தில் வைத்துத்தான் வரைபடம் வரைந்தேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

சிக்கல் மாயத்தில்தான். எங்கள் உலகில் மாயம் இலவசமாக இருந்தது. ஆற்றைத் தாண்ட மாயம், பூட்டைத் திறக்க மாயம். மூன்றே வாரத்தில் எல்லாம் சப்பென்று ஆகிவிட்டது. நினைத்தவுடன் ஆற்றைத் தாண்டலாம் என்றால் அந்த ஊரில் பாலம் எதற்கு, ஓடக்காரன் எதற்கு? ஆகவே விலை வைத்தோம். ஒவ்வொரு மாயத்துக்கும் ஓர் இடம் போகும். வரைபடத்தில் அந்த இடத்தைச் சிவப்பு மையால் அடிப்போம். மற்ற எல்லோருக்கும் அது இருக்கும்; விலை கொடுத்தவருக்கு மட்டும் இருக்காது.

ஆனால் மூவரும் விதியில் ஓட்டை தேடுவதில் மன்னர்கள். ஓட்டையே இல்லாத பத்திரம் ஒன்று எழுதித் தாருங்கள். முடிந்தால் உங்கள் நோட்டரி முத்திரையையும் குத்துங்கள். மேசையில் விரித்தால் அசந்துபோக வேண்டும்.

உங்கள் தங்கை,
சத்யா

*

தென்காசி
13.06.2025

அன்புத் தங்கை சத்யபிரியாவுக்கு ஆசிகள். இங்கு யாவரும் நலம். சாரல் தொடங்கிவிட்டது. உன் நலத்துக்கு எழுது.

மாயத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஒப்பந்தத்தைப் பற்றித் தெரியும். மாயமும் ஓர் ஒப்பந்தமே என்று கொண்டால் கேள்விகள் நான்குதான்: பெறுபவர் யார், தருபவர் யார், தரப்படுவது எது, எப்போது முடிகிறது. இந்நான்குக்கும் விடை சொல்லாத மாயம் உன் உலகில் செல்லாது என்று முதல் பிரிவிலேயே எழுதியுள்ளேன்.

நம் நாட்டுச் சட்டத்தில், பெறுபவரே மறுபயனை, அதாவது பெற்றதற்கான விலையை, தர வேண்டும் என்பதில்லை; அவருக்காக வேறொருவரும் தரலாம். அதையும் சேர்த்தேன். மாயம் செய்பவர் ஒருவர், இடத்தை இழப்பவர் மற்றொருவர் என்று இருந்தால்தான் உன் ஈரமலையில் வம்பு வரும், வழக்கு வரும், நீதிமன்றம் கட்ட வேண்டியிருக்கும். உலகம் என்றால் அதெல்லாம் இருக்க வேண்டும் அல்லவா?

முத்திரை பற்றி இரண்டு நாள் யோசித்தேன். கற்பனை ஆவணத்துக்கு முத்திரை இடுவது முறையல்ல. விளையாட்டுதானே என்று இட்டுவிட்டேன். தொழிலில் இது முதல்முறை. 'தருபவர்' என்னும் இடத்தைக் காலியாக விட்டு முத்திரை குத்தக் கை வரவில்லை. ஆகவே உன் மதினி வடிவம்மாளின் பெயரை மாதிரிக்கு எழுதியுள்ளேன். கையொப்பமும் உள்ளது.

சு. காந்திமதிநாதன்

*

புனே
24.06.2025

அன்புள்ள அண்ணனுக்கு, நலம், நலமே விழைகிறேன்.

பத்திரத்தை விரித்ததும் மூவரும் எழுந்தே நின்றுவிட்டார்கள். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு விஜய்பாண்டியின் பாத்திரம் ஒரு கெவியின், அடி தெரியாத மலைப்பள்ளத்தின், விளிம்பில் மாட்டிக்கொண்டது. பின்னால் துரத்திவரும் படை. அவன் சிவகிரிக்காரன், உங்களுக்குத் தெரியுமே, வாய் அடங்காது.

"உன் இடத்தக் குடுத்துத் தாண்டுலே" என்றேன்.

"நான் எதுக்குக் குடுக்கணும்? அதான் வடிவம்மாள் இருக்காவல்லா! சம்மதிச்சுக் கையெழுத்தே போட்டிருக்காவ."

"யாருலே அந்தப் புண்ணியவதி?" என்றாள் ரூபி.

"யாரா இருந்தா என்ன? முத்திரைய பாத்தியா? கோர்ட்டுக்குப் போனாலும் செல்லும்."

"வடிவம்மாள் பேரில்!" என்று கத்திக்கொண்டு உருட்டினான். இருபது முகப் பகடையில் இருபது விழுந்தது. சஃப்ரின் கண்ணை மூடி வரைபடத்தில் விரலை வைத்தாள். காய்ப்பேட்டை. சிவப்பு மையால் அடித்தோம். அந்த அம்மாள் யார் என்று நான் கடைசிவரை சொல்லவில்லை.

மதினியின் கையெழுத்தை எவ்வளவு அச்சாகப் போட்டிருக்கிறீர்கள்! 'வ'வின் சுழி கூடத் தப்பவில்லை. அவர்களிடம் சொல்லிச் சிரியுங்கள்.

சத்யா

*

தென்காசி
10.07.2025

அன்புத் தங்கைக்கு ஆசிகள். பதில் தாமதமானதற்குப் பொறுத்துக்கொள். இங்கு யாவரும் நலம். உன் மதினிக்கு மட்டும் சிறு சோர்வு.

சென்ற 23ஆம் தேதி திங்கட்கிழமை, காய்கறி வாங்க அவளைப் பாவூர்சத்திரம் அனுப்பினேன். நம் ஆட்டோ சங்கிலிப்பாண்டிதான் கூட்டிச் சென்றான். வெறும் பையோடு திரும்பினாள். அவன் என்னைத் தனியே அழைத்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வக்கீலய்யா, அம்மாவ சந்தை வாசல்லயே எறக்கிவுட்டேன். லாரி நிக்கி, மூட்டைய எறக்குதானுவ, ஒரே சத்தக்காடு. அம்மா சுத்திமுத்திப் பாத்துட்டு, 'ஏம்ப்பா, பொட்டக்காட்டுல கொண்டாந்து நிறுத்திட்டியே'ன்னு கேக்காவ. நான் சிரிச்சேன். அவிய சிரிக்கல. வெங்காய மூட்டையோட ஒருத்தன் 'வழி, வழி'ன்னு நேரா வாரான். மோதுத வரைக்கும் அவிய நவுரவே இல்ல."

வெயில் மயக்கமாக இருக்கலாம். மருத்துவர் இரத்த அழுத்தம் சரியாக உள்ளது என்றார்.

வேறொரு செய்தி. உன் வரைபடத்தில் காய்ப்பேட்டை என்பது எந்த ஊரை வைத்து வரைந்தது? அவசரமில்லை. தெரிந்துகொள்ளும் விருப்பம்தான்.

சு. காந்திமதிநாதன்

*

புனே
19.07.2025

அன்புள்ள அண்ணனுக்கு, நான் நலம். மதினியை வெயிலில் அலையவிடாதீர்கள்.

காய்ப்பேட்டை பாவூர்சத்திரம் சந்தைதான், வேறெது? சின்ன வயதில் அப்பாவோடு போய் மிளகாய் நெடியில் தும்மிய இடம். அதன்பின் இரண்டு முறை மாயம் செய்தார்கள். ஜூலை 6இல் எல்லைச்சாவடி போனது. அது புளியறை சோதனைச்சாவடி. 13இல் ஐமடை அருவி; அது ஐந்தருவி. மூவரும் தங்கள் இடத்தைத் தருவதே இல்லை. எப்போதும் வடிவம்மாள்தான். அது ஒரு மந்திரம் போலவே ஆகிவிட்டது.

மகிழ்ச்சியான செய்தி ஒன்று. இங்குள்ள ஒரு பதிப்பாளர் ஈரமலையைப் பெட்டியில் போட்டு விற்கப் போகிறார். தீபாவளிக்கு முன் இரண்டாயிரம் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் வரைபடமும், உங்கள் பத்திரத்தின் அச்சுப் பிரதியும், முத்திரை கையெழுத்து உட்பட. வடிவம்மாள் பேரில் இனி ஊரெல்லாம் பகடை உருளும்!

சத்யா

*

தென்காசி
31.07.2025

தங்கை சத்யபிரியாவுக்கு ஆசிகள். நான் நலம்.

என் கட்சிக்காரர் ஒருவர் தெரிவித்ததைக் குறித்து வைத்திருந்தேன். அதை உனக்கு எழுதலாம் என்று தோன்றியது.

அவர் தம் மனைவியோடு புனலூருக்கு உறவினர் வீட்டுக்குப் பேருந்தில் சென்றாராம். புளியறையில் லாரிகளுக்குப் பின்னால் வண்டி நின்றது. அம்மாள், "ஏங்க, வண்டிய எதுக்குக் காட்டுக்குள்ள நிப்பாட்டிருக்கான்?" என்று கேட்டார். அப்போது காவலர் ஒருவர் அவர் முகத்துக்கு நேரே சன்னலில் குனிந்து பேசிக்கொண்டிருந்தார்.

ஜூலை 14 அன்று அந்த அம்மாளை ஐந்தருவிக்கு அழைத்துச் சென்றார். நல்ல வெள்ளம். பக்கத்தில் நிற்பவரிடம் பேசக் காதருகே கத்த வேண்டியிருந்தது. அம்மாளோ வீட்டில் பேசுவது போல மெல்லிய குரலில், "மொட்டப் பாறைக்குக் கீழ நின்னுக்கிட்டு ஏன் எல்லாரும் தலையத் தேய்க்காவ?" என்றார். குமாஸ்தாவின் மனைவி துணைக்கு வந்திருந்தார். இருவரும் பெண்கள் பக்கம் போய்க் கைகோத்து அருவியின் அடியில் கால் மணி நேரம் நின்றார்கள். துணைக்குப் போனவர் சொட்டச் சொட்ட நனைந்து வந்தார். அந்த அம்மாளின் தலைமுடி உலர்ந்திருந்தது. தொட்டுப் பார்த்ததாக அவர் சொன்னார்.

கீழ்க்கண்டவற்றைத் தாமதமின்றிச் செய்: ஆட்டத்தை நிறுத்து. பத்திரத்தின் அசலை எனக்கு அனுப்பு. அச்சகத்துக்கு எதையும் கொடுக்காதே. காரணத்தை உரிய நேரத்தில் தெரிவிப்பேன்.

சு. காந்திமதிநாதன்

*

புனே
12.08.2025

அன்புள்ள அண்ணனுக்கு. நலமா? மதினி நலமா? சென்ற கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

உங்கள் கடிதம் 5ஆம் தேதி கிடைத்தது. அதற்குள் 3ஆம் தேதி ஆட்டம் முடிந்திருந்தது. பெரிய போர். எல்லாப் பாத்திரங்களும் சாகும் நிலை. ஒரே மாலையில் மூன்று மாயம், மூன்றும் வடிவம்மாள் பேரில். போன இடங்கள்: வண்டித்தாவளம், ஆற்றுப்பாலம், நீலக்கதவு வீடு. சொன்னால் நம்பமாட்டீர்கள், மூன்று முறையும் இருபது விழுந்தது. மூன்றாவது முறை யாரும் கை தட்டவில்லை. சஃப்ரின் பகடையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இந்தப் பகடையில் இருபதைத் தவிர வேறு எண் இருக்கா?" என்று கேட்டாள். இருந்தது.

அச்சகத்தில் முன்பணம் கொடுத்தாகிவிட்டது. காரணம் தெரியாமல் நான் எதை நிறுத்துவது? அந்தக் கட்சிக்காரர் கதை என்னைத் தூங்கவிடவில்லை. நீங்கள் இப்படிக் கதை எழுதுகிறவர் அல்லவே.

சத்யா

*

தென்காசி
18.08.2025

சத்யபிரியா,

நீலக்கதவு வீடு எந்த வீட்டை வைத்து வரைந்தது? அதை அடித்தது எத்தனை மணிக்கு? இவ்விரண்டுக்கும் விடை எழுது. வேறெதுவும் வேண்டாம்.

சு. கா.

*

புனே
25.08.2025

அண்ணனுக்கு,

நம் வீடுதான். மாலை ஆறரை மணி.

இனி நான் கேட்கிறேன். மதினி மூன்று வாரமாகப் போனை எடுக்கவில்லை. நீங்கள் எடுத்து, "குளிக்கா" என்றீர்கள். மறுநாள் கேட்டால் "கோயிலுக்குப் போயிருக்கா." அதற்கு மறுநாளும் குளித்தார்கள். ஆட்டத்தை நிறுத்திவிட்டேன். அச்சகத்துக்காரரிடம் சண்டை போட்டுப் படிகளைத் திரும்ப வாங்கிவிட்டேன். இனி நீங்கள் எனக்குப் பதில் தர வேண்டும்.

உங்கள் கட்சிக்காரர் யார்?

சத்யா

*

தென்காசி
07.09.2025

அன்புத் தங்கைக்கு,

அந்தக் கட்சிக்காரர் நான்.

ஆகஸ்ட் 3 மாலை உன் மதினி பூ வாங்கத் தெருமுனைக்குப் போயிருந்தாள். ஆறரைக்குத் திரும்பி வந்தவள் நம் வீட்டு முன்னால் நின்றுவிட்டாள். நான் கதவைத் திறந்து "வா" என்றேன். அவள் என்னைப் பார்த்து, "ஏங்க, இந்த முள்ளுக்குள்ள என்ன செய்யுதீங்க? பூச்சி பொட்டு இருக்கப்போவுது, வெளிய வாங்க" என்றாள்.

"இது நம்ம வீடு வடிவு."

"காலி மனையக் காட்டி வீடுங்கீங்க. என்ன வெளையாட்டு இது?"

கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன். நடுக்கூடத்தில் நின்றுகொண்டு, காலில் முள் குத்துகிறது என்று அழுதாள். விளக்கைப் போட்டுப் பார்த்தேன். பாதத்தில் இரத்தம் இருந்தது.

அன்று முதல் எதிர்வீட்டில், என் குமாஸ்தா ஜெபசிங் வீட்டில் இருக்கிறாள். அவன் மனைவி ஜாய்தான் அருவிக்குத் துணை வந்தவள். நான் காலையும் மாலையும் போய்ப் பார்க்கிறேன். திரும்பும்போது அவள் வாசலில் நின்று பார்ப்பாள். மறுநாள் ஜாயிடம் சொல்வாளாம்: "ராத்திரி பூரா அந்த முள்ளுக்குள்ளதான் கெடக்காரு. உள்ள நுழைஞ்சதும் ஆளே தெரியமாட்டேங்காரு ஜாய்."

உனக்கு நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அந்தக் கையெழுத்தை நான் போடவில்லை. அவளே போட்டாள். மாவு அரைத்துக்கொண்டிருந்தவளை அழைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "எங்கன போடணும்?" என்று கேட்டாள். விரலால் காட்டினேன். வேறு எதுவும் சொல்லவில்லை. மணமான நாள் முதல் நான் நீட்டிய எந்தக் காகிதத்தையும் அவள் படித்ததில்லை. அதன் அடியில், 'தருபவருக்குப் படித்துக் காட்டப்பட்டு, அவர் பொருள் உணர்ந்து, என் முன்னிலையில் கையொப்பமிட்டார்' என்று நான் சான்று எழுதி முத்திரை குத்தினேன். உண்மையான பெயர், உண்மையான கையெழுத்து, உண்மையான முத்திரை. ஓட்டையில்லாமல் வேண்டும் என்றாய், அவ்வாறே எழுதினேன். எழுதியதில் பொய்யாக இருந்தது என் சான்று ஒன்றுதான்.

அதுவே வழியும் ஆகும். அறியாமல் தந்த சம்மதம் சம்மதமல்ல. என் சான்று பொய் என்று நான் எழுத்தில் ஒப்புக்கொண்டால், அவள் தொடக்கம் முதலே விடுபடுவாள். ஆனால் ஆறு மாயங்களை உங்கள் தரப்பு பெற்றாகிவிட்டது. பெற்றதற்கு ஒருவர் தந்தாக வேண்டும். பொய்ச் சான்று எழுதியவர் தருவதே முறை.

ரத்துப் பத்திரத்தின் வரைவு இத்துடன் உள்ளது. நீயும் மற்ற மூவரும் கையொப்பமிட்டு, அசல் பத்திரத்தோடு அனுப்புங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படித்த பின்பு இடுங்கள்.

சு. காந்திமதிநாதன்

*

புனே
22.09.2025

அண்ணனுக்கு,

மூவரையும் உட்காரவைத்து உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். விஜய்பாண்டி முதலில் சிரித்தான். பிறகு, "அக்கா, அந்த அம்மாவ நான்தான முதல்ல..." என்றபடி பேனாவைக் கையில் எடுத்தான். சஃப்ரின் மூன்று முறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டாள். ரூபி பகடையைக் குப்பையில் போடப் போனாள். வேண்டாம், யாராவது எடுப்பார்கள் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

பதிப்பாளரோடு எல்லாம் முறிந்துவிட்டது. வரைபடத்தைக் கிழிக்கவில்லை. கிழித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை.

நான்காம் பிரிவில் தருபவராக உங்கள் பெயரை எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு என் பெயரைப் போடுங்கள். உலகத்தை உண்டாக்கியது நான். நான் ஊருக்கு வருவதே ஆண்டுக்கொரு முறை. நீங்கள் அங்கேயே வாழ்கிறவர். எனக்குக் கட்டுப்படும். என் கையெழுத்துக்கு மேலே இடம் விட்டிருக்கிறேன்.

மதினியிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நீங்களும் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள்.

சத்யா

*

4. என் தங்கையின் வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. அவர் விட்டிருந்த இடத்தில் கோடிட்டு அடைத்தேன்.

5. ரத்துப் பத்திரம் 05.10.2025 ஞாயிறு காலை பத்து மணிக்கு, ஜெபசிங் வீட்டு மேசையில் என் மனைவி வடிவம்மாளிடம் தரப்பட்டது. நான் படித்துக் காட்ட முற்பட்டேன். அவர், "குடுங்க, நானே படிக்கேன்" என்று வாங்கி, இரு பத்திரங்களையும் இக்கடிதங்கள் அனைத்தையும் படித்தார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பிறகு என்னிடம், "ஊருக்கே எழுதிருக்கீங்க. எனக்கு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா?" என்று கேட்டார். நான் பேனாவை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினேன்.

6. நான்காம் பிரிவில் என் பெயரைக் கண்டு அவர் கையொப்பமிட மறுத்தார். "நாலு மாசம் நான் பட்டது போதும், இன்னொரு ஆளு படணுமா?" என்றார். அவர் சம்மதம் ரத்துக்குத் தேவை. தருபவர் நான் என்பதற்கு அவர் சம்மதம் தேவையில்லை என்பதை விளக்கினேன். அதன் பின் கையொப்பமிட்டார். அடுத்து நான் இட்டேன்.

7. உடனே அவர் எழுந்து, காலணி கூட அணியாமல், தெருவைக் கடந்து நேரே நடந்து சென்றார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முள்ளுக்குள் நுழைந்த பின் அவரைக் காணவில்லை.

8. மறுபயனாக என்னால் தரப்பட்ட இடங்கள் ஆறு: பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தை, புளியறை சோதனைச்சாவடி, ஐந்தருவி, தென்காசி பேருந்து நிலையம், சிற்றாற்றுப் பாலம், நீலக்கதவு உள்ள வீடு ஒன்று. இப்பெயர்களைக் கடிதங்களிலிருந்து படியெடுத்தேன். இவ்விடங்கள் உண்மையில் உள்ளன என்பதற்கு எனக்கு நேரடி அறிவு இல்லை. ஆகவே இப்பத்தியின் உண்மைக்குக் கீழ்க்கண்ட சாட்சிகளே பொறுப்பு.

9. எதிரே ஒரு வீடு இருப்பதாகவும், அதன் வாசலில் என் மனைவி நின்று, "ஏங்க, வாங்க, சோறு ஆறுது" என்று என்னை அழைப்பதாகவும் சாட்சிகள் இருவரும் சொல்கிறார்கள். குரல் எனக்கும் கேட்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று சத்தியம் செய்ய என்னால் இயலாது.

(ஒப்பம்) சு. காந்திமதிநாதன்
05.10.2025

சாட்சிகள்:
(ஒப்பம்) ஞா. ஜெபசிங், வழக்கறிஞர் குமாஸ்தா
(ஒப்பம்) மா. சங்கிலிப்பாண்டி, ஆட்டோ ஓட்டுநர்